முப்பத்தாறு மணி நேரம் எவன் வீட்டில் இருக்கிறது?

போன மாத வாசகர் வட்டம் மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. பதினோரு தோழர்கள் வந்திருந்தார்கள். விளிம்புநிலை வரலாறு, பண்பாட்டு அரசியல், அடுத்த இதழுக்கான காசு என்று நாலு மணி நேரம் பேசினோம். இரண்டாவது டீ வந்தபோது ஒரு தோழர் கேட்டார்: “நம்ம கூட்டத்துல பெண்களே இல்லையே, ஏன் தோழர்? உங்க வீட்டையே எடுத்துக்கங்க. உங்க இணையர் கீழயேதான் இருக்காங்க. மேல வந்து ஒரு வார்த்தை பேசமாட்றாங்க.”

டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார். அந்த டீயை யார் போட்டது, கழுவப்போவது யார் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அந்த நிமிசம் தோன்றவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. “அவங்களுக்கு பி.எட். ரெக்கார்டு வேலை இருக்கு” என்று மழுப்பினேன். உடனே மூலையிலிருந்து இன்னொரு குரல்: “பி.எட்.டா? அரசாங்கத்துக்கு அடிமை தயாரிக்கிற பட்டறை அது. அங்க போயி எதுக்குத் தோழர் அனுப்புறீங்க?” பின்னாடியே அல்துஸ்ஸர் வந்தார், கருத்தியல் அரசு எந்திரம் வந்தது. எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

‘அனுப்புறீங்க’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். என்னவோ நான் அவளைக் கடைக்கு அனுப்பியதைப்போல.

கூட்டம் முடிந்து கீழே இறங்கினேன். சமையற்கட்டுத் தரையில் சார்ட் பேப்பரை விரித்து, அதன் நாலு மூலையிலும் பருப்பு டப்பா, உப்பு சாடி, குழவிக்கல், பையனின் செருப்பு என்று பாரம் வைத்து, குனிந்து அகநானூற்றுத் திணைப் படம் வரைந்துகொண்டிருந்தாள். எச்சில் டம்ளர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் தொட்டியில் கிடந்தன. “கூட்டம் முடிஞ்சுதா? பெண் விடுதலை வந்துடுச்சா?” என்றாள். மேலே பேசினது எல்லாம் மாடிப்படி வழியாகக் கீழே கேட்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த இரண்டு தோழர்களுக்கும் அன்று நான் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். காரமாகத்தான் இருக்கும். காரத்தில் பாதி எனக்கு.

முதலில் ஒரு வாரத்தைச் சொல்லிவிடுகிறேன். கவிதை இல்லை, கணக்கு. நான் பேங்க் கிளார்க். கணக்கு எனக்குச் சோறு போடுகிறது.

திங்கட்கிழமை விடியற்காலை நாலரைக்கு எழுகிறாள். தண்ணி பிடித்து, இட்லி ஊற்றி, பொண்ணுக்கு ஒரு டப்பா, பையனுக்கு ஒரு டப்பா, எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. எங்க அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அவங்களுக்குத் தனியாகக் கோதுமை ரவை. ஏழு மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்துப் பட்டரவாக்கம் ஸ்டேஷன். அங்கிருந்து திருவள்ளூர் போகிற வண்டி. இறங்கி மறுபடி ஒரு பஸ். போகவர மூன்று மணி நேரம். அன்று அவளுக்கு நுண்ணிலைக் கற்பித்தல். இதைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்குத் தெரியும்: ஆறு நிமிசம் பாடம் நடத்து, ஆறு நிமிசம் குறை கேள், பன்னிரண்டு நிமிசத்தில் மாற்றி எழுது, மறுபடி ஆறு நிமிசம் நடத்து, மறுபடி ஆறு நிமிசம் கேள். ஆகமொத்தம் 36 நிமிசம். முந்தின ராத்திரி அவள் அதைச் சமையற்கட்டில் ஒத்திகை பார்த்தாள். மாணவர்கள்: எங்க அம்மா, எட்டு வயசுப் பொண்ணு, அஞ்சு வயசுப் பையன். நேரம் பார்க்கக் குக்கர் விசில். ‘வலுவூட்டும் திறன்’தான் அன்றைய பாடம். பிள்ளை சரியாகப் பதில் சொன்னால் ‘நன்று’, ‘மிக நன்று’ என்று சொல்லவேண்டும். எங்க அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. “எனுக்கு அறுபத்திரண்டு வயசாவுது. இதுவரிக்கும் எவனும் நல்லாருக்குதுன்னு சொன்னதில்ல. நீயாவது சொல்றியே” என்றார்கள். அவள் குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அம்மாவை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. அவள் அரை நாள் வகுப்பை விட்டாள். புதன் ரேசன். வியாழன் திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்தில் என் பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியம். மருமகள் போகாவிட்டால் சாதிசனம் பேசும். மகன் போகாவிட்டால் ‘பேங்குல வேல’ என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்ளும். அவள் கல்லூரி முடிந்து நேராகப் போய், எல்லோர்க்கும் சோறு போட்டுவிட்டு, ராத்திரி பத்தரைக்கு வீடு வந்தாள். வெள்ளி பையனுக்குக் காய்ச்சல். சனிக்கிழமை எனக்கு விடுமுறை, அவளுக்கு வகுப்பு. நான் அன்று நாள் முழுக்க ஒரு கவிதையைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஞாயிறு தோழர்கள் வருகிறார்கள், எலுமிச்சை சாதம் கிளறவேண்டும்.

இதுதான் அந்த ‘கீழயே இருக்கிற’ பெண்ணின் வாரம். தலித் விடுதலை மேலே மாடியில், தலித் பெண் கீழே அடுப்படியில். இதுக்கு எந்தத் தத்துவத்தில் இடம் இருக்கிறது தோழர்?

இப்போது கணக்கு. தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014-இல் போட்ட விதிகளின்படி பி.எட். இரண்டு வருசம். வருசத்துக்கு 200 வேலைநாள், வாரத்துக்குக் குறைந்தது 36 மணி நேரம். வகுப்புக்கு 80 சதவீத வருகை, பள்ளியில் போய்ப் பயிற்சி எடுப்பதற்கு 90 சதவீதம். பள்ளிப் பயிற்சி மட்டும் 20 வாரம். நல்ல விதிகள்தான். மருத்துவம் படிப்பவனுக்கு அஞ்சரை வருசம் என்றால் பிள்ளைக்குச் சொல்லித் தருகிறவளுக்கு இரண்டு வருசம் கூடாதா? கூடும். விதியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த 36 மணி நேரம் யார் வீட்டில் சும்மா இருக்கிறது என்று விதி எழுதியவன் ஒருத்தனும் கேட்கவில்லை, அதுதான் கோபம்.

ஒன்றிய அரசே 2024-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. வீட்டுவேலை செய்கிற பெண் ஒருவர் கூலியில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்கு 289 நிமிசம் செலவழிக்கிறார். ஆம்பளை, அவனும் செய்கிறவன் என்றால், 88 நிமிசம். பிள்ளை, கிழவர், நோயாளி பார்த்துக்கொள்வது தனிக்கணக்கு: பெண்ணுக்கு 137, ஆணுக்கு 75. பெண் கணக்கை ஏழால் பெருக்கிப் பாருங்கள். வாரத்துக்கு வீட்டுவேலை ஏறத்தாழ 34 மணி, பராமரிப்பு 16. ஆக 50. இதோடு பி.எட். கேட்கிற 36. ஆக 86. எங்கள் வீட்டுக் கணக்கில் ரயிலும் பஸ்சும் ஆறு நாளைக்கு 18. ஆக 104. ராத்திரிக்கு ஆறு மணி நேரம்தான் தூங்குகிறாள் என்று வைத்தாலும் 42. மொத்தம் 146. வாரத்துக்கு 168 மணி நேரத்துக்கு மேல் எந்தப் பேங்கும் கடன் தராது. மிச்சம் 22. அதில்தான் குளிக்கணும், திங்கணும், ரெக்கார்டு எழுதணும், சார்ட் வரையணும், பரீட்சைக்குப் படிக்கணும். பெரியம்மா சாகவும் கூடாது, பையனுக்குக் காய்ச்சல் வரவும் கூடாது.

இந்த 34 மணி நேரம், பி.எட். கேட்கிற 36 மணி நேரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு படிப்பையே ஏற்கெனவே ஒருத்தி அடுப்படியில் படித்து முடித்துவிடுகிறாள். பட்டம்தான் கிடையாது.

(இங்கே ஒரு சங்கதி. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய் என்று தொடங்கினார்கள். என் கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நின்ற சனங்களின் சந்தோசத்தைப் பார்த்தவன் நான். அதைக் கேலி செய்கிற மேட்டுக்குடி வாய்களை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் கிளார்க் புத்தி, 289 நிமிசத்தை முப்பது நாளால் பெருக்கி 1000-ஐ வகுத்துப் பார்த்தேன். மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. ‘உரிமை’ என்று பெயர் வைத்ததற்காகவாவது இந்தக் கணக்கை அரசாங்கம் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.)

‘ஏன் தபாலில் படிக்கக்கூடாது?’ என்று கேட்பீர்கள். தபாலில் பி.எட். படித்து வாத்தியாரானவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்தக் கதவு இப்போது யாருக்குத் திறந்திருக்கிறது தெரியுமா? ஏற்கெனவே தொடக்கக்கல்விப் பயிற்சி முடித்து வேலை பார்க்கிற ஆசிரியர்களுக்கும், நேரடி வகுப்பில் ஓர் ஆசிரியப் பயிற்சியை முடித்தவர்களுக்கும்தான். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஏழு வருசம் பேக்கிங் செக்சனில் நின்றுகொண்டே தமிழ் எம்.ஏ. முடித்தவளுக்குக் கிடையாது. அவள் நேரில்தான் போகவேண்டும். மாலைக் கல்லூரியில் பி.காம். படிக்கலாம், மாலைக் கல்லூரியில் சட்டம் படித்த தலைமுறை இருக்கிறது. எங்கள் பகுதியில் தேடிப் பார்த்தோம், பிள்ளைக்காரி ஒருத்தி சாயங்காலத்தில் போய் ஆசிரியப் பயிற்சி படிக்க ஓர் இடம் இல்லை. கைக்குழந்தையோடு வந்தால் பார்த்துக்கொள்ள ஓர் அறை உள்ள பயிற்சிக் கல்லூரியையும் நாங்கள் போன ஐந்து இடத்தில் ஒன்றில்கூடக் காணவில்லை. குழந்தை உளவியல் மட்டும் ஒரு தாள் முழுக்க வைத்திருக்கிறார்கள்!

இன்னொரு வழி இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை. சேர்க்கைக்குப் போனபோது ஓர் இடத்தில் ஆபீஸ்காரர் தலையைத் தூக்காமலே கேட்டார்: “ரெகுலரா, நான்-ரெகுலரா?” நான்-ரெகுலர் என்றால் வரவே வேண்டாம். பணம் கூட. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து தானாக விழும், ரெக்கார்டு எழுதித்தர ஆள் இருக்கிறது, பரீட்சைக்கு வந்தால் போதும். 36 மணி நேரத்தையும் ரொக்கம் கட்டி வாங்கிக்கொள்ளலாம்! பணம் உள்ளவனுக்கு விதி ஒரு பில், பணம் இல்லாதவளுக்கு விதி ஒரு வேலி. நான் ஒரு நொடி சபலப்பட்டேன். சொசைட்டி லோன் போடலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். என் சம்பளத்தால் உதவித்தொகையின் இரண்டரை லட்ச வருமான வரம்பையும் தாண்டிவிட்டோம், எப்படியும் லோன்தான். அவள்தான் சொன்னாள்: “வராமலே வாத்தியாராவறதுக்கு நான் எதுக்கு? நம்ம பசங்களுக்கு ஏற்கெனவே அந்த மாதிரி வாத்தியாருங்கதான் கெடச்சாங்க. ரெகுலர்னு எழுதுங்க.”

சரி, இப்போது மூலையில் உட்கார்ந்து அல்துஸ்ஸர் சொன்ன தோழருக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடம் அரசின் கருத்தியல் எந்திரம். ஒத்துக்கொள்கிறேன். அதற்கு அத்தாட்சி அவளுடைய நோட்டிலேயே இருக்கிறது. கல்வி உளவியலில் ‘பரம்பரையும் சூழ்நிலையும்’ என்று ஒரு பாடம். அதில் ‘கல்லிகாக் குடும்பம்’ வந்தது. ஹென்றி கோடார்டு என்ற அமெரிக்கன் 1912-இல் எழுதினது. மார்ட்டின் கல்லிகாக் என்று புனைபெயர் வைத்த ஒரு படைவீரன். சாராயக்கடைப் பெண் ஒருத்தியோடு தொடர்பு, அந்த வழியில் 480 பேர், அதில் 143 பேர் மந்தபுத்தி. பிறகு ‘நல்ல குடும்பத்துப்’ பெண்ணைக் கல்யாணம் செய்து அந்த வழியில் 496 பேர், எல்லோரும் வக்கீல், டாக்டர், சீமான்கள். ஆகவே அறிவு ரத்தத்தில் வருகிறது! இந்தக் கதையை இன்னமும் நோட்ஸ் என்று நம் பிள்ளைகளின் வாத்தியார்கள் எழுதிக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடமே போகாமல் செத்துப்போன கிராமத்து மனுசர்களைக் கேள்விப்பட்ட பேச்சை வைத்து ‘மந்தபுத்தி’ என்று முத்திரை குத்தினதுதான் அந்த ஆராய்ச்சி. 1928-இல் கோடார்டே தன் பழைய கருத்துகளில் பலதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். புத்தகத்தில் இருந்த படங்களில் கண்ணும் வாயும் கொடூரமாகத் தெரிய மை தீட்டியிருக்கிறது என்று ஸ்டீபன் ஜே கூல்டு 1981-இல் எழுதினார். நோட்ஸுக்கு மட்டும் இந்தச் சேதி எதுவும் வந்து சேரவில்லை. வந்து சேராததில் ஆச்சரியம் என்ன? இது நமக்குப் புதுசா? மனு சொன்னதை அமெரிக்கன் கோட்டு போட்டுக்கொண்டு சொன்னான், அவ்வளவுதான்.

அந்த வகுப்பில் அவள் எழுந்து கேட்டாளாம்: “சார், அந்தச் சாராயக்கடைப் பொண்ணோட பசங்களுக்கு யாராவது பள்ளிக்கூடம் வச்சாங்களா?” வகுப்பு சிரித்தது. விரிவுரையாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “பரீட்சையில் இதெல்லாம் எழுதாதீங்கம்மா, மார்க் போயிடும்” என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கும் அதுதான் நோட்ஸ்.

தோழர், நீங்கள் அந்த வகுப்பை வெளியே நின்று ‘எந்திரம்’ என்கிறீர்கள். அவள் உள்ளே போய் அந்த எந்திரத்தின் பல்சக்கரத்தில் கேள்வியை விட்டாள். எது அரசியல்? முந்தின ராத்திரி ஒன்றரை மணிவரை காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் துணி போட்டுக்கொண்டே அந்தப் பாடத்தைப் படித்தவள் அவள். நாம் அல்துஸ்ஸரை எப்போது படித்தோம்? யாரோ சமைத்த சோற்றைத் தின்றுவிட்டு.

வகுப்பறையில் யார் நிற்கிறார்கள் என்பது நமக்கு உயிர்ப் பிரச்சனை. 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிக் குழந்தைகளைக் கழிப்பறை கழுவவைத்த தலைமையாசிரியை கைதானார். அவரும் ஆசிரியப் பயிற்சி படித்தவர்தான், ‘வலுவூட்டும் திறன்’ செய்துகாட்டி மார்க் வாங்கினவர்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பையனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப்போன தங்கச்சியும் வெட்டுப்பட்டாள். அதன்பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை கொடுத்தபோது, ஆசிரியப் பயிற்சிப் பாடத்திட்டத்தையே மாற்றவேண்டும் என்றும் சொன்னது. பாடத்திட்டம் மாறட்டும். அதை நடத்தப்போவது யார்? நம் பெண்கள் இந்த 36 மணி நேர வேலியைத் தாண்ட முடியாமல் முதல் வருசத்தோடு நின்றுபோனால், திருத்திய புத்தகத்தையும் அதே கைகள்தான் பிடிக்கும்.

புனே நகரத்தில் 1848-இல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த சாவித்திரிபாய் புலே ஆசிரியப் பயிற்சி எடுத்தவர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். சாணி வீசினதைச் சொல்வோம், மாற்றுச் சேலை கொண்டுபோனதைச் சொல்வோம். அகமதுநகரிலும் புனேயிலும் போய்ப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்ததைச் சொல்வதில்லை. ஒன்பது வயசில் கல்யாணம் ஆனவர். பள்ளி திறந்த அடுத்த வருசமே இந்த வேலைக்காக மாமனார் வீட்டைவிட்டு வெளியேற வேண்டிவந்தது. அந்தப் பள்ளிகளில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே 1855-இல் மாங்-மகர் சனங்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். ஒரு பயிற்சி பெற்ற வாத்தியாரம்மா, ஒரு பதினாலு வயசுச் சேரிப்பிள்ளை, ஒரு கட்டுரை. எந்திரம் என்று தூரப்போட்டிருந்தால் அந்தக் கட்டுரை எங்கே? நம் பக்கத்திலும் எம்.சி. ராஜா வாத்தியாராகத் தொடங்கினவர்தான். ‘கருக்கு’ எழுதிய பாமா வாத்தியாரம்மாதான்.

இனி சொல்லப்போவது சில தோழர்களுக்குக் கசக்கும். நாம் எல்லோரும் அண்ணல் அம்பேத்கர் எத்தனை மணி நேரம் படித்தார் என்று மேடையில் சொல்லிச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். லண்டனில் அவர் பசியோடு படித்த நாட்களில் பம்பாயில் ரமாபாய் வீட்டை ஓட்டினார், பிள்ளைகளைப் பறிகொடுத்தார், 1935-இல் முப்பத்தேழு வயசில் செத்துப்போனார். அண்ணலுக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் பாகிஸ்தான் பற்றிய புத்தகத்தை அவர் நினைவுக்குச் சமர்ப்பணம் செய்தார். தெரிந்ததால்தான் 1942 சூலையில் நாக்பூரில் ஆயிரக்கணக்கான தலித் பெண்கள் கூடிய மாநாட்டில், கல்யாணம் ஆனவள் புருசனுக்குத் தோழியாக நிற்கவேண்டும், அடிமையாக இருக்க மறுக்கவேண்டும் என்று பேசினார். நாம் அவருடைய படிப்பை எடுத்துக்கொண்டோம், அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். நம் வீட்டில் படிப்பது அவள் என்றால் ரமாபாயாக இருக்க நம்மில் எத்தனை பேர் தயார்? நான் தயாராக இல்லை. ஒன்றரை வருசமாக இல்லை. கல்யாணப் பத்திரிகையில் ‘இணையர்’ என்று அச்சடித்தவன் நான். தாலி இல்லாத கல்யாணம், அண்ணல் படத்துக்கு முன்னால். பத்தாம் நாளே, ‘சட்டை இஸ்திரி போட்டாச்சா?’

ஆசிரியர் தகுதித் தேர்வுக்காக நாம் நிற்காத தெரு இல்லை. 2012-இல் முதல் தேர்வை ஆறு லட்சத்துக்கு மேல் எழுதி 2,448 பேர்தான் தேறினார்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீத மதிப்பெண் தளர்வு 2014-இல்தான் வந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. 2016 நவம்பரில் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. நல்ல போராட்டம். அந்த 5 சதவீதத்துக்காகக் கத்தினோம், 289 நிமிசத்தைப் பற்றி ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. திறந்தால் நாம்தான் பாத்திரம் கழுவவேண்டிவரும் என்று தெரியும்.

என்ன கேட்கவேண்டும் என்று கேட்கிறீர்களா? அரசாங்கத்திடம் கேட்க நிறைய இருக்கிறது. அரசு ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் மாலை நேர பி.எட்., கூட ஒரு வருசம் ஆனாலும் பரவாயில்லை. கல்லூரியிலேயே குழந்தைகள் காப்பகம். பள்ளிப் பயிற்சிக்கு வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி. பள்ளிப் பயிற்சி வாரங்களுக்கு உதவித்தொகை. பிள்ளைகளுக்கு முழுநேரம் பாடம் நடத்துகிறவளுக்குப் பஸ் செலவுகூடக் கிடையாது என்பது என்ன நியாயம்? 2025-இல் ஓராண்டு பி.எட்.டைத் திரும்பக் கொண்டுவரும் வரைவை ஒன்றியத்தில் வெளியிட்டார்கள். காலத்தைக் குறைப்பதும் கூட்டுவதுமாக விளையாடுகிறார்கள், வாரத்தை யாரும் தொடவில்லை. அவளுக்கு நெருக்கடி வருசத்தில் இல்லை, செவ்வாய்க்கிழமையில் இருக்கிறது.

ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு அரசாணை தேவையில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் ஒரு லீவு போட்டால் போதும்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, கொஞ்சம் பெருமையோடுதான், அவளிடம் படிக்கக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு படித்தாள், பழக்கம் வந்துவிட்டது. இரண்டு சந்திப்பிழை திருத்தினாள். பிறகு கேட்டாள், “இதை எப்ப எழுதினீங்க?” மூன்று ராத்திரி, சாப்பாட்டுக்குப் பிறகு என்றேன். “அந்த மூணு ராத்திரியும் பாத்திரம் யார் கழுவினது?” என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அதையும் சேர்த்து எழுதுங்கள் என்றாள். எழுதிவிட்டேன்.

இரண்டு மாதமாகச் சில மாற்றங்கள் ஆரம்பித்திருக்கின்றன, பெருமை அடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. காலைச் சமையல் நான். முதல் வாரம் இட்லி கல்லாக வந்தது. அம்மா, “ஆம்பள செய்ற வேலையாடா இது, எங்க மூஞ்ச எங்க வெச்சிக்கிறது” என்று மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் மாவில் தண்ணி எவ்வளவு என்று சொல்லித் தந்தார்கள். பொண்ணுக்கு ஜடை பின்ன வருகிறது, கோணலாக. பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் துணி காயப்போடும்போது பார்த்து ‘இன்னா சார், வூட்ல உடம்பு சரியில்லியா?’ என்று கேட்கிறார். அவள் முன்னைவிட ஒரு மணி நேரம் அதிகம் தூங்குகிறாள்.

அடுத்த வாசகர் வட்டம் இரண்டாவது சனிக்கிழமை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டிலேயேதான். மாடியில் இல்லை, கீழே. தலைப்பு: கல்வி உளவியலில் சாதி. பேசப்போவது அவள், கல்லிகாக் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். பத்து மணிக்குக் கூட்டம். வெங்காயம் உரிக்க, காய் நறுக்க, சோறு வடிக்க ஆளுக்கொரு வேலை பிரித்து எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், எட்டு மணிக்கே வந்துவிடுங்கள். டீ கேட்ட தோழருக்கு டீ. அல்துஸ்ஸர் சொன்ன தோழருக்குப் பாத்திரம். சார்ட் வரைந்து தரட்டுமா என்று யாரும் கேட்க வேண்டாமாம், அதை அவளே வரைவாளாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் ஷேர் ஆட்டோ பிடிக்கணும், அதற்குள் வீட்டைக் கூட்டிவிட்டுப் போங்கள்.